வரையாட்டுக்கு இன்னும் எவ்வளவு மலை?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ஆழியாறு அணையைத் தாண்டியதும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மாறிவிடும். மொத்தம் 40 வளைவுகள். ஒரு பக்கம் பள்ளம். மறு பக்கம் நிமிர்ந்து நிற்கும் பாறை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்களோடு அவ்வழியே போனபோது, ஒன்பதாவது வளைவுக்கு அருகில் பேருந்து நின்றது. தலைக்கு மேலே, ஆள் காலூன்ற முடியாத பாறைச் சரிவில், ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் குட்டி ஒன்று. இரண்டும் வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல் சாவதானமாக நின்றன.

"சார், இது ஏன் வழுக்கி விழவில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போனால் உராய்வில் தொடங்கி, மலையின் புல்வெளி, அங்கு பிறக்கும் ஆறுகள், பூமியின் வெப்பநிலை என்று பல விஷயங்களைத் தொட வேண்டியிருக்கிறது. அந்த ஆடுதான் வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

ஆடா, செம்மறியா?

'வரை' என்றால் மலை, பாறைச் சரிவு என்று பொருள். வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்க நூல்களில் 'வருடை' என்ற பெயரில் வருவதும் இதுவே என்பர். ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதனை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்தார்கள். அது தவறான பெயர். ஐபெக்ஸ் என்பது வேறொரு காட்டு ஆடு. அது நீலகிரியில் இல்லை.

உலகில் 'தார்' என்ற பெயரில் மூன்று விலங்குகள் உண்டு. ஒன்று இமயமலையில், ஒன்று அரேபியாவின் ஓமன் மலைகளில், மூன்றாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். மூன்றும் பார்வைக்கு ஒரு சாயலாக இருந்ததால், அவை உடன்பிறப்புகள் என்று கருதி ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005ஆம் ஆண்டில் மரபணுக்களை ஒப்பிட்டபோது கதை மாறிவிட்டது. இமயமலைத் தார் வெள்ளாடுகளின் இனத்துக்கு நெருக்கம். அரேபியத் தாருக்கு உறவு வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆடு. நம் வரையாடோ செம்மறி ஆட்டுக்கு நெருங்கிய உறவு! எனவே இதற்கென்று 'நீல்கிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. அந்தப் பேரினத்தில் உள்ள ஒரே இனம் வரையாடுதான். இது அழிந்தால் ஓர் இனம் மட்டும் போகாது; ஒரு கிளையே முறிந்துபோகும்.

வளர்ந்த கிடாய் ஏறத்தாழ 100 கிலோ எடை வரை இருக்கும். பெட்டை அதில் பாதி. கிடாய் முதிர முதிர உடல் கரும்பழுப்பாகி, முதுகில் மட்டும் சேணம் வைத்தாற்போல் வெளிர் சாம்பல் திட்டு ஒன்று தோன்றும். இருபாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. வெள்ளாட்டுக் கிடாய்க்கு இருப்பது போன்ற தாடி இதற்கு இல்லை.

குளம்பின் இயற்பியல்

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். சாய்தளத்தில் ஒரு பொருளை வைத்தால் அதன் எடை இரண்டு கூறுகளாகப் பிரிகிறது. ஒரு கூறு அதைத் தளத்தோடு அழுத்துகிறது. மறு கூறு கீழே இழுக்கிறது. 100 கிலோ எடையுள்ள கிடாய் 60 பாகைச் சரிவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதை அழுத்தும் கூறு 50 கிலோ எடை. கீழே இழுக்கும் கூறு 87 கிலோ எடை. வழுக்காமல் நிற்க வேண்டுமானால், உராய்வுக் குணகம் 87ஐ 50ஆல் வகுத்து வரும் ஏறத்தாழ 1.73க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உலர்ந்த பாறைமீது நல்ல ரப்பருக்குக்கூட இது ஏறத்தாழ 1தான். அதாவது, 45 பாகையைத் தாண்டிய வழவழப்பான சரிவில் வெறும் உராய்வை நம்பி எதுவும் நிற்க முடியாது.

அப்படியானால் வரையாடு எப்படி நிற்கிறது? விடை அதன் குளம்பில் இருக்கிறது. குளம்பு இரண்டு விரல்களாகப் பிளந்திருக்கிறது. ஒவ்வொரு விரலின் விளிம்பும் கடினமான கொம்புப் பொருளால் ஆனது. நடுவே மென்மையான, ரப்பர் போன்ற மெத்தை. பாறை தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு 60 பாகைச் சரிவாகத் தெரிந்தாலும், அருகில் போனால் அது சிறு படிகளும் பிளவுகளும் மேடுபள்ளங்களும் கொண்டது. கடினமான விளிம்பு, விரலகலமே உள்ள படியிலும் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் குளம்புக்குக் கிடைப்பது கிட்டத்தட்டச் சமதளம். மென்மையான மெத்தையோ பாறையின் சொரசொரப்புக்குள் அழுந்திப் பிடிக்கிறது. இரண்டு விரல்களும் விரிந்தும் குவிந்தும் பாறை முனையைக் கவ்விக்கொள்கின்றன.

இரண்டாவது காரணம் உடலமைப்பு. கால்கள் குட்டையாகவும் தடித்தும் இருப்பதால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது. அந்த மையத்திலிருந்து கீழ்நோக்கி வரைந்த செங்குத்துக்கோடு நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை எந்தப் பொருளும் கவிழாது. வரையாடு பாறையோடு ஒட்டி நடப்பதும், நான்கு குளம்புகளையும் நெருக்கி ஒரு சிறு திட்டில் வைத்து நிற்பதும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான்.

இந்தத் திறமைதான் அதன் கோட்டை. சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவை அதன் எதிரிகள். சமவெளியில் ஓடி இவற்றிடமிருந்து தப்ப அதற்கு வேகம் போதாது. எனவே பாறைக்கு அருகிலுள்ள புல்வெளியில்தான் மேயும். ஆபத்து என்றால் பாறையில் ஏறிவிடும். மந்தை மேயும்போதும் படுத்திருக்கும்போதும் ஒன்றிரண்டு உயரமான இடத்தில் நின்று கண்காணிப்பதைக் காணலாம். ஆக, வரையாட்டுக்கு இரண்டும் வேண்டும்: பக்கத்தில் பாறை, பக்கத்திலேயே புல். பாறை இருந்து புல் இல்லையேல் பட்டினி. புல் இருந்து பாறை இல்லையேல் மரணம்.

புல்லும் சோலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரியிலிருந்து தெற்கே, பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல், இந்த இரண்டும் அமைந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே மலையின் மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த மரங்கள் கொண்ட சோலைக்காடு. மடிப்புகளுக்கு வெளியே, முகடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளி. இந்த அமைப்பு மனிதன் காட்டை வெட்டியதால் வந்ததன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்துவருவது.

புல்வெளியில் ஏன் மரம் முளைக்கவில்லை? இங்கும் இயற்பியல் உண்டு. குளிர்கால இரவில் வானம் தெளிவாக இருக்கும்போது, திறந்த தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே போய் உறைபனி படிகிறது. சோலைக்குள் மரக்கிளைகள் கூரைபோல் அந்தக் கதிர்வீச்சைத் தடுத்துத் திருப்புகின்றன. எனவே உள்ளே உறைபனி இல்லை. திறந்தவெளியில் விழுந்து முளைக்கும் சோலைமரக் கன்று உறைபனியில் கருகிவிடும். புல்லின் வளர்முனை தரைமட்டத்தில், பழைய தாள்களுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். காற்றும் தீயும்கூட இந்த எல்லையைக் காப்பதில் பங்குகொள்கின்றன.

புல்லின் அடர்ந்த வேரும் மட்கும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. பவானி நீலகிரி மலையில் பிறக்கிறது. அமராவதியில் கலக்கும் பாம்பாறு ஆனைமுடிப் பகுதியில் பிறக்கிறது. சமவெளியில் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் வரையாட்டைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய வாய்க்காலின் தலைமடை வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது.

ஓர் ஆண்டின் வாழ்க்கை

வரையாடு காலையிலும் மாலையிலும் மேயும். நண்பகலில் பாறையில் படுத்து அசைபோடும். பெட்டைகளும் குட்டிகளும் மந்தையாக வாழ்கின்றன. வளர்ந்த கிடாய்கள் பெரும்பாலும் தனிக் கூட்டமாகவோ ஒற்றையாகவோ திரியும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவை மந்தைக்குத் திரும்பி, பெட்டைகளுக்காகக் கொம்போடு கொம்பு மோதிக்கொள்ளும். சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். எனவே பெரும்பாலான குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி.

உறைபனி விழும் ஜனவரியிலா குட்டி ஈனுவது என்று நீங்கள் வியக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம், உயரம், அகலம் மூன்றிலும் தாயில் பாதியாக உள்ள ஒரு குட்டிக்கு எடை எட்டில் ஒரு பங்கு. தோலின் பரப்போ நான்கில் ஒரு பங்கு. வெப்பம் உண்டாவது உடற்பொருளில். வெளியேறுவது தோல் வழியே. ஆக, ஒவ்வொரு கிலோ உடலுக்கும் குட்டி தாயைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் வெப்பத்தை இழக்கிறது. உலர்ந்த மயிர் குளிரைத் தாங்கும். நனைந்த மயிர் தாங்காது. மலைக்காற்றில் நனைந்தபடி நிற்பதைவிட உலர்ந்த குளிர் மேல். ஜனவரியில் பிறந்த குட்டிக்குப் பருவமழை தொடங்கும்போது நான்கைந்து மாத வயதாகிவிடும். அப்போது உடலும் பெருத்திருக்கும், மயிரும் அடர்ந்திருக்கும்.

குட்டி ஈனும் காலத்தில் தொந்தரவு கூடாது என்பதற்காகத்தான் கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள்.

துப்பாக்கிக் காலம்

19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயருக்கு வரையாட்டு வேட்டை பெரும் பொழுதுபோக்காக இருந்தது. சேண முதுகுக் கிடாயின் தலை வரவேற்பறைச் சுவருக்கு அலங்காரம். மலையில் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்த பிறகு, சுட்டவர்களே கவலைப்பட்டார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்தகைய முதற் சட்டங்களுள் அதுவும் ஒன்று.

மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டக்காரர்கள் இரவிகுளம் பீடபூமியைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்திருந்தனர். வேட்டைக்காக வைத்திருந்ததால் அங்கே தேயிலை நடவில்லை. அந்தக் காரணத்தாலேயே புல்வெளி பிழைத்தது, வரையாடும் பிழைத்தது. 1971இல் வந்த சட்டத்தின்வழி அந்நிலம் கேரள அரசிடம் சேர்ந்தது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காதான் இன்று உலகிலேயே அதிக வரையாடுகள் உள்ள இடம்.

தமிழ்நாட்டில் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவும், ஆனைமலையின் புல்மலைப் பகுதியும் முக்கியமான இருப்பிடங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்து வேட்டையை முற்றிலும் தடை செய்தது. திருட்டு வேட்டை அடியோடு ஒழியவில்லை. ஆயினும் துப்பாக்கி இன்று முதல் எதிரி அன்று.

புல்வெளியைத் தின்ற மரங்கள்

முதல் எதிரி எது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். மரம்!

மரம் நடுவது நல்ல செயல் என்று பள்ளியிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம். மலைப் புல்வெளியைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது 'தரிசு' என்று தோன்றியது. ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வாட்டிலையும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொண்டுவந்து நட்டார்கள். நீலகிரி மக்கள் இவற்றைக் கற்பூர மரம், சீகை மரம் என்பார்கள். விடுதலைக்குப் பிறகும் அதே எண்ணம் நீடித்தது. விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், ரேயான் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் பெரும் பரப்பில் இவற்றை வளர்த்தோம். தேயிலைத் தோட்டங்கள் ஒருபுறம் பெருகின. மேல்நீலகிரியில் நீர்மின் திட்டங்களின் அணைகள் சில புல் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன.

கற்பூர மரத்தையாவது வெட்டினால் பரப்பு ஓரளவு கட்டுக்குள் இருக்கும். சீகை அப்படியன்று. அதன் விதை கடினமான உறையோடு மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காட்டுத்தீ வந்தால் வெப்பத்தில் உறை வெடித்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். உறைபனியையும் அது தாங்கும். ஆகவே, நம் சோலைமரங்களால் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடக்க முடியாத எல்லையை இந்த அந்நிய மரம் எளிதாகக் கடந்துவிட்டது. அதன் நிழலில் புல் வளர்வதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள்பூப் புதர்கள் மிச்சமிருக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன.

பழனி மலையில் 1973ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தையும் 2014ஆம் ஆண்டின் படத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மலை முன்னைவிடப் பசுமையாகத் தெரியும். வரையாட்டுக்கு அந்தப் பசுமை பாலைவனம். மேய முடியாது. அதோடு, மரக்கூட்டத்துக்குள் சிறுத்தை எங்கே பதுங்கியிருக்கிறது என்றும் தெரியாது.

தீவுகளில் அகப்பட்டவை

முற்காலத்தில் வரையாடு வடக்கே குடகின் பிரம்மகிரி வரை இருந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. இன்று வடக்கெல்லை நீலகிரி. அங்கிருந்து சிறுவாணி, ஆனைமலை, பழனி, மேகமலை, அகத்தியமலை வரை சிறுசிறு கூட்டங்களாகச் சிதறியிருக்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கிறது; அதைக் கடப்பது வரையாட்டால் ஆகாது. அது இயற்கை வைத்த தடை. தேயிலை, சாலை, குடியிருப்பு, சீகைக்காடு ஆகியவை நாம் வைத்த தடைகள். ஒவ்வொரு சிகரமும் கடல் நடுவே ஒரு தீவு போல் ஆகிவிட்டது.

சிறு கூட்டத்துக்கு என்ன ஆபத்து? ஒரு குன்றில் இருபது வரையாடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆண்டில் ஐந்து குட்டிகள் பிறக்கின்றன. ஐந்தும் கிடாயாகிவிட வாய்ப்பு உண்டா? நாணயத்தை ஐந்து முறை சுண்டி ஐந்திலும் தலையே விழும் வாய்ப்பு 32இல் 1. அபூர்வம்தான், ஆனால் இத்தகைய 32 குன்றுகள் இருந்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒரு குன்றில் அது நடக்கும். 500 ஆடுகள் உள்ள கூட்டத்தில் இப்படி நடக்கவே நடக்காது. ஒரு நோய், ஒரு கடுமையான மழைக்காலம், ஒரு செந்நாய்க் கூட்டம் ஆகிய எதுவும் பெரிய கூட்டத்துக்குக் காயம். சிறிய கூட்டத்துக்குக் கருமாதி. வெளியிலிருந்து கிடாய் வர வழியில்லாததால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, நோய் எதிர்ப்பும் வீரியமும் குறையும் அபாயமும் இருக்கிறது. மேய்ச்சலுக்கு வரும் மாடுகளிடமிருந்தும் ஆடுகளிடமிருந்தும் நோய் தொற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சூடேறும் மலை

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் கடினமான ஆபத்து. உயரே போகப்போகக் குளிரும் என்பது நமக்குத் தெரியும். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 பாகை குறைகிறது. கோவையைவிட உதகை 1,800 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. அதனால்தான் 12 பாகை அளவுக்குக் குளிர்ச்சி. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பூமியின் வெப்பநிலை 1 பாகை கூடினால், பழைய குளிர்ச்சி வேண்டும் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போக வேண்டும்.

போனால் என்ன என்கிறீர்களா? மலை ஒரு கூம்பு. 2,600 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையில் 2,000 மீட்டருக்கு மேல் தகுந்த புல்வெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து 600 மீட்டர் இறக்கம். எல்லை 150 மீட்டர் உயர்ந்தால் மிஞ்சுவது 450 மீட்டர். உயரத்தில் நாலில் மூன்று பங்கு. ஆனால் கூம்பின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். நாலில் மூன்றின் வர்க்கம் பதினாறில் ஒன்பது. அதாவது ஒரே ஒரு பாகைக்கு ஏறத்தாழப் பாதி நிலம் போய்விட்டது! இரண்டு பாகை கூடினால் மிஞ்சுவது கால் பங்கு.

உண்மை மலைகள் சீரான கூம்புகள் அல்ல. எனவே இக்கணக்கு ஒரு விளக்கத்துக்கு மட்டுமே. ஆயினும் விரிவான முறைகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கரியமில வாயு வெளியேற்றம் மிக அதிகமாகும் நிலையில், இந்நூற்றாண்டுக்குள் வரையாட்டின் வாழிடத்தில் 60 சதவிகிதம் வரை தகுதி இழக்கலாம் என்று கணித்தது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் ஏற மலை இல்லை. உறைபனி குறையக் குறைய, சீகை போன்றவை இன்னும் மேலே ஏறி வரும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பாறையில் நிற்பதை எண்ணுவது எப்படி?

காப்பாற்றுவதற்கு முதலில் எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டும். மூடுபனியில், பாறை மறைவில் நிற்கும் விலங்கை எப்படி எண்ணுவது? இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறையில், ஒரே பகுதியைப் பலமுறை எண்ணுவார்கள். ஐந்து முறை எண்ணியதில் 8, 11, 14, 15, 17 என்று கிடைத்தால், பெரிய எண் 17, அதற்கு அடுத்தது 15, வேறுபாடு 2. நாம் பார்த்த அதிகபட்சத்தையும் விடச் சில கண்ணில் படாமல் இருக்கும் அல்லவா? அதற்காக அந்த 2ஐ 17உடன் கூட்டி 19 என்று மதிப்பிடுவார்கள்.

இரண்டாவது முறையில் இரு குழுக்கள் ஒரே வழியில் முன்னும் பின்னுமாகப் போய்த் தனித்தனியே எண்ணும். முதற்குழு 40 பார்த்தது. இரண்டாம் குழு 36 பார்த்தது. இருவரும் பொதுவாகப் பார்த்தவை 32 என்க. இரண்டாம் குழு பார்த்த 36இல் 32ஐ முதற்குழுவும் பார்த்திருக்கிறது. ஆகவே முதற்குழுவின் கண்ணுக்குத் தப்பியது ஒன்பதில் ஒரு பங்கு. அது பார்த்த 40 என்பது மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு. மொத்தம் 45.

1969இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷேலர் இம்மலைகளில் வரையாட்டை ஆராய்ந்தார். 1975இல் நீலகிரியைச் சேர்ந்த இயற்கையார்வலர் ஈ.ஆர்.சி. டேவிதார் அதன் வாழிடங்கள் முழுவதும் சுற்றி எண்ணி, மொத்தம் சுமார் 2,200 என்று மதிப்பிட்டார். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஐந்தாண்டு 'நீலகிரி வரையாடு திட்டத்தை' அறிவித்தது. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாக அறிவிக்கப்பட்டது. 2024இல் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 கிடைத்தன. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியதில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668.

ஐம்பது ஆண்டுகளில் எண்ணிக்கை குறையவில்லையே என்று தோன்றும். சட்டமும் காவலும் வேட்டையைக் குறைத்ததன் பயன் அது, மகிழத்தக்கதே. எண்ணும் முறை இப்போது மேம்பட்டிருப்பதையும், தேடும் பரப்பு விரிந்திருப்பதையும் மறக்கக்கூடாது. எண்ணிக்கையின் பெரும்பகுதி இரவிகுளம் போன்ற சில இடங்களில் குவிந்திருக்கிறது. வேறு பல குன்றுகள் வெறுமையாகிவிட்டன. உலகம் முழுவதிலும் உள்ளவை இவ்வளவே. ஒரு நடுத்தரக் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை!

செய்யக்கூடியவை

செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருக்கிறது. சீகையையும் பிற அந்நியச் செடிகளையும் அகற்றி, நம் மலைப்புல்லை நாற்று விட்டு நட்டுப் புல்வெளியை மீட்க வேண்டும். ஒருமுறை அகற்றினால் போதாது. மண்ணில் உறங்கும் விதை முளைக்க முளைக்க, ஆண்டுக்கணக்கில் பிடுங்க வேண்டும். சிதறிய கூட்டங்களைப் புல்வெளி வழியே இணைக்க வேண்டும். வெறுமையான குன்றுகளில் மீண்டும் குடியேற்ற வேண்டும். கழுத்துப்பட்டையில் வானொலிக் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தை அறிய வேண்டும். அரசின் திட்டத்தில் இவை இடம்பெற்றிருக்கின்றன. திட்டம் ஐந்தாண்டு, சீகை விதையின் பொறுமையோ பல பத்தாண்டு. நம் பொறுமை அதைவிட நீண்டதாக இருந்தாக வேண்டும்.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று பேருந்திலிருந்து இறங்கிய மாணவர்களில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஆட்டை நோக்கி நீட்டினார். அன்பினால் செய்ததுதான். நான் தடுத்தேன். உப்பும் இனிப்பும் பழகிய வரையாடு பாறையை விட்டுச் சாலைக்கு இறங்கும். சாலையில் அதன் குளம்புக்கு வேலை இல்லை. அங்கே அதைவிட வேகமான வாகனங்கள் வருகின்றன. மனிதரிடம் அச்சம் போய்விட்டால், தீயவரிடமும் நெருங்கி வரும்.

விரட்டிப் படம் எடுப்பதும் தீமையே. 50 கிலோ எடையுள்ள பெட்டை 100 மீட்டர் மேலே ஏற 49,000 ஜூல் வேலை செய்கிறது. தசை, உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும் என்பதால், அதற்கு ஏறத்தாழ 2 இலட்சம் ஜூல் செலவு. ஒருமுறை என்றால் பெரிதன்று. நாள் முழுவதும் வண்டிகள் நின்று விரட்டினால் ஆற்றலும் போகும், மேயும் நேரமும் போகும். சினையாக இருக்கும் காலத்தில் அந்த இழப்பு குட்டியின் எடையில் தெரியும்.

எனவே மலைக்குப் போகும்போது வரையாட்டைத் தூரத்திலிருந்து பாருங்கள். உணவு கொடுக்காதீர்கள், குரல் எழுப்பாதீர்கள், குப்பையைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். புல்வெளியைக் காட்டி 'வெறும் தரிசு' என்று யாராவது சொன்னால், அது ஆறுகளின் தலைமடை என்று எடுத்துச் சொல்லுங்கள். மலையில் மரம் நடும் விழாவுக்கு அழைத்தால், "என்ன மரம்? அங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள்.

வழுக்காமல் நிற்கும் வித்தை வரையாட்டுக்குத் தெரியும். அதை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அது நிற்பதற்கு மலையை விட்டுவைப்பது நம் பொறுப்பு.